அப்படி ஒருவர் இங்கே இல்லை

லிஃப்ட் பொருத்திப் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தபால் இலாகாவுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கம்பெனிக்கு வருகிற, கம்பெனியிலிருந்து போகிற மெயில்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. மெயில் சர்வர் வைத்திருக்கும் எந்த இடமானாலும், கோளாறு என்றால் வெளியாட்கள் எழுதுவதற்கு ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று ஒரு முகவரி வைத்திருப்பது வழக்கம். இங்கே அந்த முகவரி அவள் பொறுப்பில் இருந்தது. பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் தொங்கியது.

அவள் இருக்கை தரைத்தளத்துக்கும் கீழே, சர்வர்கள் இருக்கும் அறையை ஒட்டி. கொளுத்துகிற வெயில் காலத்திலும் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டும் கம்பெனியின் சொந்த லிஃப்ட் அடித்தளம் வரை இறங்காது. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் படியிறங்கித்தான் வர வேண்டும். அதனால் யாரும் வருவதில்லை. போனில் கூப்பிட்டு, “போஸ்ட்மாஸ்டர், என் மெயில் போச்சான்னு பாருங்க” என்பார்கள். பார்த்துச் சொல்வாள். அதோடு சரி.

போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு மனிதர்கள் எழுதுவது அபூர்வம். இயந்திரங்கள்தான் எழுதும். இந்த டிஸ்க் நிரம்பப் போகிறது, அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று காலையில் வந்ததும் வரிசையாகக் காத்திருக்கும்.

வீட்டிலும் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. அம்மா போன பிறகு இரண்டு அறைகளில் ஒன்றைப் பூட்டியே வைத்துவிட்டாள். பெருக்குவதற்காவது திறக்கலாம், திறப்பதில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில், பொழுது சாயும்போதுதான் விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவளுக்கு உறைக்கும். குழாயடியில் நின்றுகொண்டு, “சரி, பாத்திரத்தைக் கழுவுவோம்” என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வரும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு காலையில் இந்தக் கடிதம் வந்திருந்தது.

‘மதிப்பிற்குரிய போஸ்ட்மாஸ்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் தங்கை தங்கள் கம்பெனியில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எங்கள் சித்தி சொன்னார். முகவரியும் கொடுத்தார். அந்த முகவரிக்கு நான் எழுதுவதெல்லாம் “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று திரும்பி வருகிறது. விவரத்துக்குப் போஸ்ட்மாஸ்டரை அணுகவும் என்று கீழே போட்டிருக்கிறது. அதனால் தங்களுக்குத் தொந்தரவு தருகிறேன். போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். எனக்கு நோய் வந்து தொண்டையில் குரல் பெட்டியை எடுத்துவிட்டார்கள். பேச வராது. என் தங்கை அங்கே இருக்கிறாளா, அல்லது எங்களிடம் பொய் சொல்லிவிட்டு வேறெங்காவது போய்விட்டாளா? நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஊழியர்களின் முகவரிகளில் தேடினாள். நான்காவது மாடி, வரைபடப் பிரிவு. அந்தப் பெண் இருந்தாள். சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவளுக்கு மெயில் கணக்குத் திறந்ததே போஸ்ட்மாஸ்டர்தான். முகவரியில் ஓரெழுத்துகூடப் பிழை இல்லை.

பிறகு ஏன் திரும்பிப் போகிறது?

யோசித்தபோது, தான் முன்பு செய்த ஒரு மாற்றம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கம்பெனிக்கு இரண்டு மெயில் சர்வர்கள். ஒன்று வாசலில் நிற்பது. வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் அதனிடம்தான் வர வேண்டும். மற்றது உள்ளே இருப்பது. ஊழியர்களின் பெட்டிகள் எல்லாம் அதில். வாசல் சர்வருக்கு ஆட்களைத் தெரியாது. இன்னாருக்குக் கடிதம் என்று யாராவது வந்து நின்றால், அது உள்ளே திரும்பி, “இப்படி ஒருத்தர் இருக்காரா?” என்று கேட்கும். இருக்கிறார் என்றால் கடிதத்தை வாங்கிக்கொள்ளும். இல்லை என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பதற்கு மூச்சு முட்டிப்போகும் என்பதால், கிடைத்த பதிலைக் கொஞ்ச காலத்துக்கு நினைவில் வைத்திருக்கும்.

மழைக்காலத் தொடக்கத்தில் குப்பை மெயில்காரர்கள் படையெடுத்தார்கள். இல்லாத பெயர்களாக ஒரு பெரிய வரிசையை வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். வாசலிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி போய் உள் சர்வர் திணறியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பிய புகார்கூட மணிக்கணக்கில் தாமதமானது. மேலாளர் குதித்தார். அப்போது அவள் செய்தது, ‘இல்லை’ என்ற பதிலை வாசல் சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலத்தை நீட்டியது. முன்பு சில மணி நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்கும். இப்போது மாதக்கணக்கில் மறக்காது. திணறல் நின்றது. மேலாளரும் அடங்கினார்.

அவள் வாசல் சர்வரின் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினாள். அண்ணனின் முகவரியிலிருந்து தங்கையின் முகவரிக்கு வந்த முதல் கடிதம், அந்தப் பெண் வேலைக்குச் சேருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கணக்கு அப்போது திறக்கப்படவில்லை. வாசல் கேட்டது, உள்ளே இல்லை என்றது, வாசல் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. மறுநாள் கணக்கு திறந்தாகிவிட்டது. ஆனால் வாசல் மறுபடி கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுதியதெல்லாம் வாசலோடு திரும்பியிருந்தது. திரையில் ஒரு பக்கம் நிறையும் அளவுக்கு வரிசையாக ஒரே வரி. கம்பெனிக்குள்ளேயே போய்வரும் மெயில் வாசலைத் தாண்டுவதில்லை. அதனால் ஆபீஸ் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. வெளியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எழுத அண்ணனைத் தவிர ஆளில்லை போலும். ஒருவருக்கும் தெரியாமலே போய்விட்டது.

பதில் எழுத உட்கார்ந்தவள், கையை எடுத்துக்கொண்டாள். வேலையில் இருப்பவர்களைப் பற்றி அவர்களைக் கேட்காமல் வெளியாட்களிடம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது என்பது கம்பெனி விதி. ‘விசாரித்துச் சொல்கிறேன். நான் ஐயா இல்லை, அம்மா’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, தரைத்தளம் வரை படியேறி, அங்கிருந்து லிஃப்ட் பிடித்து நான்காவது மாடிக்குப் போனாள்.

வரைபடப் பிரிவில் ஜன்னலோர மேசையில் அந்தப் பெண் ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் கூண்டைத் திரையில் வரைந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். மற்ற மேசைகளில் புகைப்படமும் பூந்தொட்டியுமாக இருக்க, இவளுடைய மேசை நேற்றுத்தான் வந்தவளுடையது போல மொட்டையாக இருந்தது.

“நான் கீழே மெயில் பாக்கிறவ.”

“தெரியும், போஸ்ட்மாஸ்டர் மேடம்தானே? என்ன விஷயம்?”

“உங்களுக்கு வெளியிலேருந்து மெயில் ஏதாவது வருதா?”

“எனக்கு யாரு எழுதப்போறாங்க?” என்று சிரித்தாள்.

“உங்க அண்ணன் எழுதியிருக்கார்.”

சிரிப்பு நின்றது. “எழுதலை மேடம். எழுத மாட்டாரு.”

“எழுதியிருக்கார்மா. எங்க சர்வர்தான் உள்ள விடலை. நீங்க இங்க இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டிருக்கு. தப்பு எங்க பக்கம்.”

அந்தப் பெண் பக்கத்து மேசைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“வேலை ஆர்டர்லயே மெயில் அட்ரஸ் போட்டிருந்துச்சு. சேர்றதுக்கு முன்னாடியே அதைச் சித்திகிட்ட கொடுத்தது நான்தான். போன் நம்பர் வேண்டாம், அவரால பேச முடியாது, எழுதச் சொல்லுங்கன்னேன். சேர்ந்த புதுசுல தினமும் திறந்து திறந்து பாத்தேன். கேன்டீன் மெனுவைத் தவிர ஒண்ணும் வரலை. சரி, அவ்வளவுதான்னு விட்டுட்டேன்.”

“இப்ப தெரிஞ்சுபோச்சே. நீங்க இருக்கீங்களான்னு என்னைக் கேட்டிருக்கார். என்ன சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“இல்லம்மா...”

“மேடம், ஆபரேஷன் முடிஞ்சதிலேருந்து அவரைப் பாத்துக்கிட்டது நான். பேச முடியலைன்னு கை தட்டித்தான் கூப்பிடுவாரு. தண்ணி வேணும்னா தட்டு, ஃபேன் போடணும்னா தட்டு. ஒரு நாள் பொறுக்க முடியாம, ‘நான் என்ன நாயா, தட்டிக் கூப்பிட?’ன்னு கத்திட்டேன். அவரு சிலேட்டை எடுத்து, ‘பிடிக்கலைன்னா போ’ன்னு எழுதிக் காட்டினாரு. பெரிய எழுத்துல. போயிட்டேன்.” அவள் மவுஸைப் பிடித்துக்கொண்டாள். “சர்வர் இல்லைன்னு சொல்லிடுச்சில்ல? அப்படியே இருக்கட்டும்.”

போஸ்ட்மாஸ்டர் கீழே வந்தாள். அப்படியே விட அவளால் முடியவில்லை. இருக்கிற ஒருத்தியை இல்லை என்று தன் சர்வர் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வாசல் சர்வரின் நினைவிலிருந்து அந்த ஒரு பதிலை அழித்தாள். ‘இல்லை’யை வைத்திருக்கும் காலத்தையும் பழையபடி குறைத்தாள். குப்பை மறுபடி வந்தால் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். இனி அண்ணன் எழுதினால் போய்ச் சேரும். அதை அவரிடம் சொல்வதற்குத்தான் வழியில்லை. சொன்னால் தங்கை இருக்கிறாள் என்று சொன்னதாகிவிடும்.

மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்திருந்தது.

‘அம்மா, ஐயா என்று எழுதியதற்கு மன்னிக்கவும். இல்லாதவளாக இருந்தால் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள். விசாரிக்கிறேன் என்கிறீர்கள். அதிலிருந்து நான் புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொண்டேன். உங்களை வேறு ஒன்றும் கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன். அவளுக்கு மறுபடி எழுதிப் பார்க்கத்தான் பயம். அந்த வரியை இன்னொரு தடவை படிக்க எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் அனுமதித்தால் அவ்வப்போது உங்களுக்கு எழுதுகிறேன். இந்த வீட்டில் சுவரோடு பேச வேண்டுமென்றால்கூட எனக்கு வாய் வேண்டும்.’

அவள், ‘எழுதுங்கள்’ என்று பதில் போட்டாள்.

அவர் எழுதினார். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்பவராக இருந்தாராம். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் சொன்னால் கூட்டம் அப்படியே திரும்பி ஓடுமாம். இப்போது பதிவு செய்த குரலை வைத்திருக்கிறார்கள், அது பஸ் கிளம்பிப்போன பிறகு சாவகாசமாக அறிவிக்கிறது என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அடித்தளத்துக்கு வராத லிஃப்டைப் பற்றி இவள் எழுதினாள். ‘வைத்தியர் வீட்டில்தான் எப்போதும் தலைவலி’ என்று அவர் கிண்டல் செய்தார். இன்னொரு நாள் அம்மாவைப் பற்றி எழுதினாள். பூட்டி வைத்த அறையைப் பற்றியும் எழுதினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் வந்ததும் இயந்திரங்கள் எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு அவர் பெயரைத் தேடுவது பழக்கமானது. இல்லாத நாளில் வேலை ஓடவில்லை. ஒரு தடவை சத்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்து எட்டிப் பார்த்தது: அந்தப் பெண் மனசு மாறாமலே இருந்தால் இவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார். தன்னை நினைத்தே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தங்கையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஒரே ஒரு தடவை, வேறெதையோ எழுதிக்கொண்டு வந்தவர், நடுவில் எழுதியிருந்தார்: ‘கை தட்டுவதை விட்டுவிட்டேன். வேண்டியதை நானே எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறேன். அவள் இருந்தபோதே இது என்னால் முடிந்திருக்கும். யாராவது கூப்பிட்டால் வருகிறார்கள் என்பது ஒரு சுகம்; அதற்குப் பழகிவிட்டேன்.’

ஒரு மதியம் படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வந்து கதவருகில் நின்றாள். குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“எப்படி மேடம் இங்க நாள் பூரா இருக்கீங்க?”

“பழகிப்போச்சு. உக்காருங்க.”

உட்காரவில்லை. “அவரு எழுதினதை நான் பாக்கணும். எழுதினாருன்னீங்களே, அதெல்லாம்.”

“எங்ககிட்ட இல்லம்மா.”

“அழிச்சுட்டீங்களா?”

“வந்தாத்தானே அழிக்க? ஆள் இல்லைன்னா சர்வர் லெட்டரை வாங்கவே வாங்காது. யாருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வாசல்லயே அனுப்பிடும். உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் அவர்கிட்டயேதான் இருக்கும்.”

“அப்ப அவரு எழுதினாருங்கறதுக்கு என்ன சாட்சி?”

போஸ்ட்மாஸ்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து வரிகளை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு மறுபடி மேலே போனாள்.

“இந்த முதல் தேதி தப்பா இருக்கு. இது நான் சேர்றதுக்கு முந்தின நாள்.”

“தப்பில்லை. அன்னிக்குத்தான் முதல்ல எழுதியிருக்கார். சாயங்காலம்.”

“ஏன் அதுக்குள்ள?”

“எனக்கென்ன தெரியும்? மறுநாள் காலையில நீங்க வந்து திறக்கிறப்ப அங்க இருக்கட்டும்னு நினைச்சாரோ என்னவோ. கொஞ்சம் பொறுத்து, அடுத்த நாள் எழுதியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. எல்லாம் வந்திருக்கும்.”

அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எங்கயாவது கிளம்பணும்னா அவருக்கு எப்பவும் இதே அவசரம்தான் மேடம். பஸ் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிப்பாரு. என்னையும் நிக்க வைப்பாரு. மைக்ல பஸ் நேரம் சொல்ற மனுஷன், பஸ் நேரத்தை நம்பவே மாட்டாரு.” சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. அப்புறம்தான் உட்கார்ந்தாள். போஸ்ட்மாஸ்டர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, போட்டுக்கொள்ளாமலே அழுதாள். சர்வர்களின் இரைச்சலில் சத்தம் வெளியே கேட்கவில்லை.

எழுந்தபோது, “சொல்லிடுங்க அக்கா” என்றாள். “நான் இருக்கேன்னு.”

“நீங்களே எழுதலாமே?”

“எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியலை. அவரு முதல்ல எழுதட்டும். அந்தப் பழசையெல்லாம் அனுப்பச் சொல்லுங்க. வரிசையா.”

போஸ்ட்மாஸ்டர் எழுதினாள். ‘தங்கள் தங்கை இங்கே இருக்கிறார். நல்லபடியாக இருக்கிறார். தங்கள் கடிதங்கள் திரும்பி வந்தது எங்கள் சர்வரின் பிழையால், அவர் செய்ததல்ல. இப்போது சரிசெய்தாகிவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பச் சொல்கிறார்.’ அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள். அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் வாசல் சர்வரின் பதிவில் வரிகள் ஓட ஆரம்பித்தன. அண்ணனிடமிருந்து தங்கைக்கு, ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறுபடியும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒவ்வொன்றாகப் பழைய கடிதங்கள் வாசலைத் தாண்டி நான்காவது மாடிக்குப் போயின. கடைசி வரி ஓடி முடியும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வார விடுமுறையில் அந்தப் பெண் ஊருக்குப் போய் வந்தாள். திங்கட்கிழமை, மேலாளரைப் பார்க்க மேலே போன போஸ்ட்மாஸ்டரை லிஃப்டில் பார்த்தபோது, “அண்ணன் இளைச்சுட்டாருக்கா. ஆனா சமையல் கத்துக்கிட்டிருக்காரு. உப்புதான் போட வரலை” என்று மலர்ந்து சொன்னாள். கூட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய மாடி வந்துவிட்டது. கையசைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவரிடமிருந்து நன்றி சொல்லி நீளமாக ஒரு கடிதம் வந்தது. தங்கை வந்து இறங்கியது, வாசலிலேயே நின்று சிலேட்டை எடுத்து வரச் சொன்னது, அதில் அவள் ஒரு அதட்டல் எழுதிக் காட்டியது எல்லாம் இருந்தது. அதன்பிறகு கடிதம் இல்லை. எழுத வேண்டிய ஆளுக்கு எழுத வழி கிடைத்துவிட்ட பிறகு வேறு ஆளுக்கு எதற்கு எழுதுவார்? அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. பதிவில் மட்டும் அவருடைய முகவரியைத் தினமும் பார்த்தாள். காலையில் ஒன்று, சில நாள் சாயங்காலமும் ஒன்று. வரும், வாசல் கேட்கும், இருக்கிறாள் என்று பதில் வரும், உள்ளே போய்விடும்.

கொஞ்ச நாள் பொறுத்து, அவளே ஒரு கடிதம் எழுதினாள். காரணம் கிடைக்காமல் நெடுநேரம் யோசித்து, கடைசியில், ‘மெயில் எல்லாம் தடையில்லாமல் போய் வருகிறதா?’ என்று கேட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. ‘ஒரு குறையும் இல்லை அம்மா. எல்லாம் உங்கள் புண்ணியம்.’

இன்னும் கீழே ஏதாவது இருக்கிறதா என்று நகர்த்திப் பார்த்தாள். இல்லை. போன் அடித்தது. கொள்முதல் பிரிவிலிருந்து யாரோ, “போஸ்ட்மாஸ்டர், ஒரு மெயில் அனுப்பினேன், போச்சான்னு பாருங்க” என்றார்கள். பார்த்தாள். “போயிடுச்சு” என்றாள்.